ஒரு சிட்டிகை சாம்பிராணி

யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை எனக்கு. சபையில் விதவைகளுக்குக் கொடுக்கிற பார்லி ரொட்டியைக்கூடக் கையில் தூக்கிப் பார்த்து, போன வாரத்து ரொட்டி இதைவிடக் கனமாக இருந்ததே என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன். இதனால்தான் எங்கள் மூப்பர் ஹோரியோனுக்கு என்னைப் பிடிக்காது. இதனால்தான் அவருக்கு நான் தேவையும் பட்டேன். யார் வீட்டில் காய்ச்சல், யார் இன்னும் பின்கட்டில் ஒளித்து வைத்துப் பழைய சாமிக்கு விளக்கேற்றுகிறார்கள், ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் யார் இடுப்பில் தாயத்துத் தொங்குகிறது என்றெல்லாம் போய்ப் பார்த்துச் சொல்வது சபை விதவைகளின் வேலை. மற்றவர்கள் போய்ப் பார்த்தார்கள். நான் கண்டுபிடித்தேன்.

எனக்கும் செனாமூனுக்கும் நடுவில் ஒரு மண்சுவர்தான். அவள் கல்யாணம் ஆகாதவள், தனிக்கட்டை. ஆனால் விடிந்தால் போதும், சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்க ஆரம்பித்துவிடும். கொஞ்சுவது, திட்டுவது, நடுவில் சிரிப்பு வேறு. எவனோ வந்து போகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். வாசலில் வெங்காயம் உரிக்கிற சாக்கில் உட்கார்ந்து காவல் காத்தேன். ஒரு பூனையைத் தவிர யாரும் வரவில்லை. அப்புறம்தான் உறைத்தது, அவள் தன் தம்பியிடம் பேசுகிறாள் என்று.

தம்பி செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உள்ளறையில் கட்டிலில், மெழுகுத்துணி சுற்றி, தலைமாட்டில் விளக்கோடு கிடக்கிறான். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில், விசுவாசத்துக்காக உயிரை விட்ட வேதசாட்சிகளை அப்படித்தான் வீட்டோடு வைத்துக்கொள்வோம். காய்ச்சல்காரர்கள் வந்து அந்த விளக்கின் எண்ணெயில் ஒரு சொட்டு வாங்கி நெற்றியில் தடவிக்கொண்டு போவார்கள். போகும்போது இரண்டு முட்டையோ ஒரு கருவாடோ வாசலில் வைப்பார்கள். முட்டைக்காகத்தான் அவள் விளக்கை அணையவிடுவதில்லை என்பது அப்போது என் எண்ணம்.

அவன் பெயர் கோப்ரேஸ். குப்பைமேடு என்று அர்த்தம். அவனுக்கு முன்னால் பிறந்த பையன்கள் தங்காததால், இவனைக் குப்பையில் போட்டு எடுத்து அந்தப் பெயர் வைத்தார்கள். வளர்ந்து கழுதை ஓட்டினான். கிறிஸ்தவர்களைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் கெட்ட காலத்தில் தானியத்துறையில் பேரரசர் சிலையையும் கனல் சட்டியையும் வைத்துக்கொண்டு சிப்பாய்கள் நின்றார்கள். பேரரசரைச் சாமியாகக் கும்பிட்டு ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டால் மூட்டையை இறக்கலாம், இல்லாவிட்டால் விலங்கு. என் வீட்டுக்காரர் போட்டார். வீட்டுக்கு வந்து அழுதார், அழுது முடித்துச் சாப்பிட்டார். கஷ்டம் ஓய்ந்த பிறகு சபை அவரை இரண்டு வருஷம் கோயில் வாசலுக்கு வெளியே, பாவத்துக்குப் பரிகாரம் செய்கிற தவக்காரர்களோடு நிற்க வைத்தது. கோப்ரேஸ் போடவில்லை என்றார்கள். அவனைப் பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். செனாமூன் பின்னாலேயே போனாள். வெள்ளம் வடிகிற நேரத்தில் ஒரு படகில் அவனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். அங்கே என்ன நடந்தது என்று பார்த்தவர்கள் எங்கள் ஊரில் வேறு யாருமில்லை. வேதசாட்சிக்குச் சாட்சி அவள் ஒருத்திதான்.

இவ்வளவு காலம் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. புதுக்கோயில் கட்டி முடிந்ததும் வந்தது வினை. பலிபீடத்துக்கு அடியில் ஒரு வேதசாட்சியை வைக்க ஆயர் வருவதாக இருந்தது. இனிமேல் வேதசாட்சிகளை வீட்டில் கட்டில் போட்டு வைத்திருக்கக் கூடாது, மண்ணுக்கோ பீடத்துக்கோ கொடுத்துவிட வேண்டும் என்று அவர் கட்டளையும் போட்டிருந்தார். எங்கள் ஊருக்கு இருந்தது ஒரே ஒரு வேதசாட்சி. மூப்பர் போய்க் கேட்டார். செனாமூன் அவர் முகத்திலேயே கதவைச் சாத்தினாள்.

"எதையோ மறைக்கிறா" என்றார் மூப்பர் என்னிடம். "வேதசாட்சியைக் கோயிலுக்குக் குடுக்க யாருக்காவது கசக்குமா? நீ போய்ப் பாரு. உள்ளே உடம்புதான் இருக்கா, இல்ல வைக்கோலைச் சுத்தி வெச்சிருக்காளா, யார் கண்டா."

எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு என்பதால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

"செனாமூன், கொஞ்சம் பருப்பு இருந்தா குடேன். என் வீட்ல தீந்துபோச்சு."

"உன் பானையில பருப்பு கொதிக்கிற வாசனை என் மூக்கைத் துளைக்குது" என்றாள். "மூப்பர் அனுப்பினாரா அக்கா?"

"அவர் அனுப்பித்தான் நான் உன் வீட்டுக்கு வரணுமா?"

"இருபது வருஷத்துல நீ வந்தது இதுதான் ரெண்டாவது தடவை. முதல் தடவை வந்து என் ஆட்டுக்கு எத்தனை குட்டின்னு எண்ணிட்டுப் போனே."

இப்படிப்பட்டவளிடம் நடிப்பு வீண். நேராக உள்ளறைக்குப் போனேன். வைக்கோல் இல்லை, உடம்புதான். துணிக்கு அடியில் தோள் எலும்பு ஒரு பக்கம் தூக்கியிருந்தது. உயிரோடு இருந்தபோதும் மூட்டை தூக்கித் தூக்கி அவனுக்கு அந்தத் தோள் அப்படித்தான் இருந்தது. சுவரில் ஒரு கழுதைச் சாட்டை தொங்கியது. கட்டிலில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. என்னால் குறை சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"செத்தவன்கிட்ட காலங்கார்த்தால அப்படி என்னடி பேச்சு?"

"பேச்சு இல்லக்கா, சண்டை" என்றாள். வெளியே வரும்போது கிண்ணம் நிறையப் பருப்பு அளந்து கொடுத்தாள். கொடுத்ததும் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்தது.

மறுநாள் விடிகாலையில் சுவரில் காதை வைத்தேன். எங்கள் சுவர் கெட்டிச் சுவர். முழுசாக எதுவும் கேட்காது. "ஒரு சிட்டிகை" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. கொஞ்சம் கழித்து மறுபடி, "ஒரே ஒரு சிட்டிகை." ஏதோ பொடி தூவி மந்திரம் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். உப்பா, சீரகமா, சுடுகாட்டுச் சாம்பலா? அப்படியே போய் மூப்பரிடம் சொன்னேன்.

மூப்பர் தாடியைத் தடவுவதை நிறுத்தினார்.

"சிட்டிகையா? என்ன சிட்டிகை?"

"அது கேக்கல."

"எனக்குக் கேக்குது" என்றார். அவர் முகம் கறுத்தது. "கனல் சட்டியில போடறதையும் சிட்டிகைன்னுதான் சொல்லுவோம். அவன் போட்டிருக்கான். போட்டுட்டு, ஜெயில்ல சீக்குல செத்திருக்கான். அதான் இவ உடம்பைத் தர மாட்டேங்கிறா. பீடத்துக்கடியில மறுதலிச்சவனை வெச்சு, நாளைக்கு வெளியே தெரிஞ்சா, ஆயர் முன்னாடி நான் எந்த முகத்தோட நிப்பேன்?"

எனக்கே இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. சந்தேகத்தில் என்னை மிஞ்ச ஆள் இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிறன்று பூசை முடிந்ததும் விசாரணை வைத்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முதல் வரிசையில் விதவைகள். சுண்ணாம்பு வாசனை இன்னும் போகாத கோயிலில் நடுவே செனாமூன் நின்றாள். முதலில் மூப்பர் இனிமையாகத்தான் ஆரம்பித்தார்.

"உன் தம்பிக்குக் கிடைக்கப்போற இடம் ராஜாவுக்குக்கூடக் கிடைக்காதும்மா. வருஷா வருஷம் அவன் நாள்ல பேர் வாசிப்போம். பேர்தான் கொஞ்சம் இடிக்குது. பீடத்துல நின்னு கோப்ரேஸ்னு வாசிச்சா கிரேக்கம் தெரிஞ்சவன் சிரிப்பான். தெயோதோர்னு மாத்திடலாம்னு ஆயர் சொல்லிவிட்டிருக்கார். கடவுள் குடுத்தவன்னு அர்த்தம்."

"அப்போ கோப்ரேஸ் எங்கே போவான்?" என்றாள் செனாமூன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். மூப்பர் சிரிக்கவில்லை.

"அது கிடக்கட்டும். ஒரே ஒரு கேள்வி. பட்டணத்துல அவன் கனல் சட்டியில சாம்பிராணி போட்டானா, இல்லையா? போட்டிருந்தா அவன் வேதசாட்சி இல்ல. அவனை நாங்க தொட மாட்டோம், நீயே வெச்சுக்கலாம். போடலைன்னா அவன் சபைக்குச் சொந்தம். சொல்லு."

அப்போது நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலையே அதுதானே. "நீயே வெச்சுக்கலாம்" என்ற இடத்தில் அவள் கண் சட்டென்று மூப்பர் பக்கம் திரும்பியது. சந்தையில் பேரம் படிகிற நேரத்தில் திரும்புகிற கண்.

"போட்டான்" என்றாள். "ஒரு சிட்டிகை போட்டான். அவன் வேதசாட்சி இல்ல. என்கிட்டயே விட்டுடுங்க."

கோயில் கொதித்தது. அந்த விளக்கின் எண்ணெய் தடவிய என் பிள்ளை ஏன் பிழைக்கவில்லை என்று இப்போது தெரிகிறது என்று ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள். பிழைத்த பிள்ளைகளின் தாய்மார்கள் வாயைத் திறக்கவில்லை. மறுதலித்தவனை வேதசாட்சி என்று சொல்லி ஊரை ஏமாற்றியதற்காகச் செனாமூன் அடுத்த பாஸ்காப் பண்டிகை வரை தவக்காரர்களோடு வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும், வீட்டில் விளக்கு எரியக் கூடாது, எண்ணெய் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று மூப்பர் தீர்ப்புச் சொன்னார்.

"சரி" என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு இதே தீர்ப்புச் சொன்னபோது தரையில் விழுந்து புரண்டார். இவள் நல்ல மாடு வாங்கியவளைப் போல் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் விடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை.

பயந்துபோய் மெதுவாகப் பேசுகிறாள் என்று நினைத்துச் சுவரில் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துக் கேட்டேன். விளக்குமாறு கூட்டுகிற சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம், ஆடு. பேச்சு இல்லை. அடுத்த நாளும் இல்லை. ஊர்க்காரர்கள் அவள் வாசலில் சாணியும் மீன்செதிலும் கொட்டிவிட்டு, "குப்பை குப்பையோட சேரட்டும்" என்று கத்திக்கொண்டு போனார்கள். அவள் கதவைத் திறந்து எல்லாவற்றையும் வாரினாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது, தம்பி வீட்டிலேயே இருக்கிறான், யாரும் கொண்டுபோக முடியாது. பிறகு ஏன் பேசவில்லை? எனக்குத் தூக்கம் போயிற்று. நாள் முழுக்கத் திட்டுகிறவள் அடுத்த வீட்டில் இருந்தால் தலைவலி. அவள் திடீரென்று வாயை மூடிக்கொண்டால் அது வேறு மாதிரி வலி.

வாரம் பத்து நாள் கழிந்திருக்கும். விடியற்காலையில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். சுவருக்கு ரொம்பப் பக்கத்தில், கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பாள் போல, அவள் குரல் கேட்டது. அழுகையில்லாத, வறண்ட குரல்.

"நீ சொல்ல மாட்டேன்னு செத்த வார்த்தையை நான் சொல்லிட்டேன்டா. என் மூஞ்சியைப் பார்க்காதே."

அவ்வளவுதான். மாவு என் விரலிலேயே காய்ந்துபோயிற்று.

அந்த ஞாயிறு தவக்காரர்கள் வரிசையில் நின்றவள், பூசை முடிந்து மூப்பர் வெளியே வந்ததும் வழிமறித்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"மூப்பரே, நான் பொய் சொன்னேன். அவன் போடல."

மூப்பர் நின்றார். "அன்னைக்குப் போட்டான்னே."

"அவனை என்கிட்ட விடுவீங்கன்னு சொன்னீங்க. அதான் சொன்னேன்."

"இன்னைக்கு ஊர்க்காரங்க வாசல்ல சாணி கொட்டுறாங்க. அதனால போடலைங்கிற. நாளைக்கு வேற ஏதாவது வந்தா மறுபடி போட்டாம்பே. எதைம்மா நான் நம்புறது?"

"ஜெயில்ல நானே கெஞ்சினேன் மூப்பரே" என்றாள். தெருவில் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். "போட்டுடுடா, ஒரே ஒரு சிட்டிகை, யாரும் பார்க்கப்போறதில்ல, வீட்ல பருப்பு வேக வெச்சிட்டு வந்திருக்கேன்னு சொன்னேன். அவன் சிரிச்சான். 'போட்டா வீட்டுக்கு யாருக்கா வருவா? கோப்ரேஸ் வர மாட்டான், வேற எவனோதான் வருவான்'னு சொன்னான். மறுநாள் வெட்டிட்டாங்க. அன்னையிலேர்ந்து அதுக்குத்தான் அவன்கிட்ட சண்டை போடுறேன். ஒரு சிட்டிகை போட்டிருந்தா இன்னைக்கு நீ உயிரோட இருப்பேன்னு தினம் சொல்லுவேன். நான் அன்னைக்குக் கோயில்ல அவன் போட்டான்னு சொன்னதும், வேற எவனோ வந்து கட்டில்ல படுத்துக்கிட்டான். அவனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

மூப்பர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வாக்குமூலம், இரண்டிலும் அவளுக்கு ஒரு லாபம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அப்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

"தயேசிஸ், பூசை அப்பத்தைக்கூட நீ ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துட்டுத்தான் வாயில போடுறவ. நீ சொல்லு. இவளை நம்புறியா?"

கேலியாகத்தான் கேட்டார். கூட்டமும் சிரிக்கத் தயாராகத்தான் இருந்தது.

"நம்புறேன்" என்றேன். அந்த வார்த்தை பிறத்தியாருடையதைப் போல் என் வாயிலிருந்து வந்தது.

"எப்படி?"

"உங்ககிட்ட பொய் சொல்லுவா. என்கிட்ட பொய் சொல்லுவா, பருப்பு குடுத்துக்கிட்டே சொல்லுவா. செத்தவன்கிட்ட யாரும் பொய் சொல்றதில்ல. விடிகாலையில, யாரும் கேக்கலன்னு நினைச்சு, அவன் கட்டில்காலைப் பிடிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொன்னா. நான் கேட்டேன்."

"ஒட்டுக் கேட்டியா?"

"நீங்க பார்த்துச் சொல்லுன்னு அனுப்பலாம், நான் கேட்டுச் சொல்லக் கூடாதா? என் வீட்டுச் சுவர், என் காது."

பிறகு அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். "நீ சொல்ல மாட்டேன்னு செத்த வார்த்தையை நான் சொல்லிட்டேன்டா" என்றதும் யாரும் சிரிக்கவில்லை. செனாமூன் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை. எத்தனை வருஷமாக இவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்றுதான் கணக்குப் போட்டாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவளுக்காக இவ்வளவு செய்தவளுக்கு இந்தப் பார்வையா?

மூப்பர் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தார். ஆயருக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பினார். கோப்ரேஸைப் பீடத்துக்கு அடியில் வைக்க ஆயர் சம்மதித்தார். ஆனால் கோயிலுக்குள் நின்று வேதசாட்சியின் மேல் பொய் சொன்னது பொய்தான், அதற்குத் தவம் குறையாது, அவள் அடுத்த பாஸ்கா வரை வாசலிலேயே நிற்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். மூப்பர் இதை நயமாகச் சொல்லத் தடுமாறினார். செனாமூன் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பேர் மாத்தக் கூடாது. தெயோதோர்னு கூப்பிட்டா அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்."

ஆயர் வந்த அன்று நான்கு பேர் கட்டிலைத் தூக்கினார்கள். வாசல்படி வரை அவளும் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். படியில் பூசைக்கு உதவுகிற தியாக்கோன் கையை நீட்டித் தடுத்ததும் விட்டாள். தம்பி உள்ளே போனான், அவள் வெளியே நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் இத்தனை காலம் ஒரு விளக்கு அகலம்தான் இருந்தது. இப்போது கோயில் முழுக்க இருந்தது, ஆயர், மூப்பர், ஆண்கள், பெண்கள், முதல் வரிசையில் விதவைகளான நாங்கள். அவனை உள்ளே வாங்கிக்கொண்டு அவளை வெளியே நிறுத்தியது யாருடைய கெட்டிக்காரத்தனம் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. மூப்பரிடம் கேட்டால் கடவுளைச் சொல்கிறார்.

அப்பத்துக்கு முன்னால் தியாக்கோன் பேர்களை வாசித்தான். ஒரு பேருக்கு முன்னால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வேதசாட்சி கோப்ரேஸ்" என்றான். ஆயரோடு பட்டணத்திலிருந்து வந்தவர்களில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வாசலிலிருந்து கூரை அதிர ஒரு குரல் வந்தது.

"கோப்ரே! பேர் வாசிச்சாங்கடா, கேட்டுதா? உன் பேர்தான், மாத்தல! இப்பவும் சொல்றேன், ஒரு சிட்டிகை போட்டுட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம், பாவி!"

ஆயர் திகைத்துப்போய்த் திரும்பினார். "யாரது?" என்று மூப்பரிடம் கேட்டார். மூப்பர் தலையைக் குனிந்துகொண்டு, "அவனோட அக்கா, ஆண்டவரே" என்றார். அவளை அடக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். ஆயர் கொஞ்ச நேரம் பீடத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பிறகு அப்பத்தைக் கையில் எடுத்தார்.

என் வீட்டுச் சுவரில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. அதனால் ஞாயிறுகளில் நான் முதல் வரிசையை விட்டுக் கடைசிக்கு, வாசல் ஓரத்துக்கு வந்துவிட்டேன். மூட்டு வலி, உள்ளே புழுக்கம் என்று மூப்பரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும். அங்கே நின்றால்தான் அவள் அவனிடம் என்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று கேட்கிறது.